ஈயம் என்றால் எந்த ஈயம்?

"அத்தை, இந்தச் செம்பு எதில செஞ்சது?" என்று மருமகள் கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. "ஈயம்மா. அசல் ஈயம். ரசத்துக்குன்னே வாங்கினேன்" என்றேன். அப்போது அவளுக்கு ஆறாவது மாதம். நாங்கள் மலேசியாக்காரர்கள். மகனுக்கு ஷா ஆலாமில் வேலை. மாதத்துக்கு ஒரு வாரக் கடைசியில் இருவரும் சுங்கை சிப்புட்டுக்கு வந்துவிடுவார்கள். வந்தால் சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு ரசம் கட்டாயம் உண்டு. கர்ப்பமான பெண்ணுக்கு மிளகு சீரகம் போட்ட ரசம் வயிற்றுக்கு இதம் என்று நானே ஊற்றிக் கொடுப்பேன். அன்றைக்கும் செம்பு அடுப்பில் நுரை கட்டி நின்றது. அவள் அதைப் பார்த்தபடியே இன்னொன்று கேட்டாள்: "ஈயம்னா தீமாவா, பிளம்பமா அத்தை?"

தீமா என்றால் வெள்ளீயம், பிளம்பம் என்றால் காரீயம். எனக்குப் பதில் தெரியவில்லை. ரசத்தை இறக்கி வைத்துவிட்டு, "சாப்பிட்டுப் பார்த்துச் சொல்றேன்மா" என்று ஏதோ பேசி மழுப்பினேன். அவள் அன்று ரசத்தைத் தொடவில்லை. மனம் சுருக்கென்றது உண்மைதான். ஆனால் இரவு படுத்த பிறகு சுருக்கென்றது வேறு. ஐம்பத்தெட்டு வயதில், நாற்பது வருடம் அடுப்படியில் நின்றவள், பிள்ளைத்தாய்ச்சிக்கு நான் எதில் சமைத்துக் கொடுக்கிறேன் என்று எனக்கே தெரியாதா?

ஒரு சொல், நான்கு பொருள்

எங்கள் தோட்டத்து லயத்தில் அம்மா வைத்திருந்தது ஒரு ஈயக் குண்டான். சோறு, கஞ்சி, பிள்ளைகளுக்கு வெந்நீர் எல்லாம் அதில்தான். காலையில் நான்கு மணிக்கு எழுந்து கித்தா (ரப்பர்) மரம் வெட்டப் போவதற்குள் சோற்றை வடித்து மூடி வைத்துவிடுவார். எல்லார் வீட்டிலும் அதே குண்டான், அதே பெயர். அது ஈயமே இல்லை, அலுமினியம். தமிழ்நாட்டிலிருந்து வந்த அந்தப் பழக்கப் பெயர் இங்கேயும் ஒட்டிக்கொண்டது. உடைந்த ரேடியோவைப் பழுது பார்ப்பவர் கம்பியைப் பற்றவைப்பதும் எங்கள் வாயில் ஈயம்தான். பித்தளை அண்டாவுக்கு உள்ளே பூசுவதும் ஈயம்தான். ஆனால் பூசுகிற ஈயம் வெள்ளீயம். பற்றவைக்கும் ஈயத்தில் பல காலமாக வெள்ளீயத்தோடு காரீயமும் கலந்திருந்தது. காரீயம் என்பது குழந்தையின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. அலுமினியத்துக்கு இந்த இரண்டோடும் எந்த உறவும் கிடையாது.

மலாய்க்காரர்களும் ஏறக்குறைய இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். வெள்ளீயம் 'தீமா', காரீயம் 'தீமா ஹீத்தாம்', அதாவது கறுப்பு ஈயம். பழைய ரோமானியர்களும் வெள்ளீயத்தை 'வெள்ளைப் பிளம்பம்' என்றுதான் அழைத்தார்களாம். பல ஊர்களில் இந்த இரண்டையும் ஒரே குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். பார்க்க ஒரே மாதிரி, இரண்டும் மெதுவானவை, இரண்டும் சின்னத் தீயிலேயே உருகுபவை. வெள்ளீயம் 232 பாகையில் உருகும், காரீயம் 327-இல். அதனால்தான் ஈயச் செம்பை வெறுமனே அடுப்பில் வைக்கக்கூடாது, புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் தீ மூட்ட வேண்டும் என்பார்கள். தண்ணீர் இருக்கும்வரை சூடு நூறைத் தாண்டாது. செம்பு தப்பிக்கும்.

இன்னொன்றும் எனக்கு உறைத்தது. நாங்கள் இருப்பது பேராக்கில். தெற்கே கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க ஈயலம்பங்கள், அதாவது ஈயச் சுரங்கங்கள் இருந்த இடம். ஒரு காலத்தில் உலகத்துக்கே ஈயம் அனுப்பிய மண் இது. 1985-இல் விலை சரிந்த பிறகு லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின, குட்டைகள்தான் மிச்சம். அந்த மண்ணிலிருந்து அரை மணி நேரக் கார் தூரத்தில் இருந்துகொண்டு, இணையத்தில் படம் பார்த்து, கடல் தாண்டி ஒரு ஈயச் செம்பை 190 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் யாரும் ஈயச் செம்பில் ரசம் வைத்ததில்லை. அதெல்லாம் தஞ்சாவூர்ப் பக்கத்து வசதியான வீடுகளில் இருந்த பொருள். கூலிக்கு வந்தவர்கள் அதைக் கண்ணால் பார்த்திருந்தாலே பெரிது. 'பாரம்பரியம்' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது எனக்கு. என் பாட்டிக்கு இல்லாத பாரம்பரியத்தை நான் காசு கொடுத்து வாங்கினேன்.

விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன். என்ன உலோகம், எத்தனை விழுக்காடு, சோதனைச் சான்று இருக்கிறதா என்று கேட்டேன். "நூறு சதவீதம் சுத்தமான ஈயம் மேடம், தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்துகிறார்கள்" என்று பதில் வந்தது. வெள்ளீயமா காரீயமா என்று திரும்பக் கேட்டேன். பதிலே இல்லை.

கேக் தராசில் போட்ட கணக்கு

தீபாவளிக்கு நான் பிஸ்கட், கேக், அன்னாசி தார்ட் ஆர்டர் எடுப்பதுண்டு. அதனால் ஒரு கிராம் வரை காட்டும் தராசு வீட்டில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் படிவம் 5 மாணவன். அவன் அம்மா கொடுத்தனுப்பிய கறிவேப்பிலையோடு வந்தவன், செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கேட்டான். நானும் கதையைச் சொன்னேன். "ஆன்ட்டி, இதை அளந்து பார்க்கலாமே, ஆர்க்கிமிடீஸ் இப்பதான் படிச்சோம்" என்றான். எனக்கும் பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம் வந்தது. மன்னனின் கிரீடம், தண்ணீர்த் தொட்டி. படிவம் 3-ஓடு நான் மறந்து போன விஷயம்.

செய்தது இதுதான். முதலில் செம்பை அப்படியே தராசில் வைத்தோம்: 612 கிராம். பிறகு ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் தண்ணீர் நிரப்பித் தராசில் வைத்து எண்ணைச் சுழியமாக்கினோம். செம்பின் கழுத்தில் நூல் கட்டி, ஒரு நீளக் கரண்டிக் காம்பில் தொங்கவிட்டு, தண்ணீருக்குள் முழுதாக இறக்கினோம். அடியையும் பக்கத்தையும் தொடக்கூடாது. உள்ளே காற்று சிக்காமல் சாய்த்துச் சாய்த்து இறக்க வேண்டும். இப்போது தராசு காட்டும் கிராம், செம்பு ஒதுக்கிய தண்ணீரின் எடை. தண்ணீர் ஒரு கிராமுக்கு ஒரு மில்லிலிட்டர். அதனால் அதுவே செம்பின் கன அளவு.

கணக்கு சரியாக வருகிறதா என்று பார்க்க, செம்புக்கு முன்னால் ஒரு எவர்சில்வர் டம்ளரைப் போட்டுப் பார்த்தான் பையன். 158 கிராம் டம்ளர், தண்ணீரில் 20 காட்டியது. எடையைக் கன அளவால் வகுத்தால் 7.9. எஃகுக்கு அதுதான் அடர்த்தி. அம்மாவின் குண்டான் மூடி என்னிடம் இன்னும் இருக்கிறது. அதையும் போட்டோம். 108 கிராம், தண்ணீரில் 40. வகுத்தால் 2.7. அலுமினியத்துக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் அதே எண். அம்மா ஆயுள் முழுக்க 'ஈயம்' என்று அழைத்த பாத்திரம் ஈயமில்லை என்று தெரிந்த நேரம் அதுதான். எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது.

அப்புறம் செம்பு. சுத்தமான வெள்ளீயம் என்றால் அடர்த்தி 7.3. அப்படியென்றால் 612 கிராம் செம்பு தண்ணீரில் 84 காட்ட வேண்டும். முழுக்கக் காரீயமாக இருந்தால் 54. தராசு 73 காட்டியது. தூக்கித் துடைத்து மறுபடி இறக்கினோம்: 74. மூன்றாவது தடவை 73. பையன் தாளில் வகுத்தான், 8.4 என்று வந்தது. வெள்ளீயத்தை விடத் தெளிவாகக் கனம். வெள்ளீயத்தோடு சேர்ந்து உருகி, அதைப் போலவே மெதுவாக இருந்து, விலையும் மலிவாக இருப்பது காரீயம். வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். கலப்பவனுக்கு வேறு காரணம் தேவையில்லை. கணக்குப்படி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேயே காரீயம். அந்த ரேடியோக்காரர் கம்பி பற்றவைத்த ஈயத்தின் கலவையும் ஏறக்குறைய அதுதான்.

அதில்தான் நான் புளியும் தக்காளியும் கொதிக்க வைத்தேன். காரீயம் வெறும் தண்ணீரிலேயே கொஞ்சம் கரையும். புளிப்பு பட்டால் கேட்கவே வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம், ரத்தத்தில் காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது. பெரியவர்களை விடக் குழந்தையின் உடல் அதை நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். எலும்பில் போய்த் தங்கும். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து மறுபடி ரத்தத்துக்கு வரும், அங்கிருந்து பிள்ளைக்கும் போகும். இதையெல்லாம் அன்று இரவு படித்துக்கொண்டே இருந்தேன்.

தராசு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. இது ஆய்வுக்கூடச் சோதனை இல்லை. நூறில் ஒரு பங்கு காரீயம் கலந்திருந்தால் என் தராசுக்குத் தெரியாது, அந்த ஒரு பங்கும் ஆபத்துதான். எண் சரியாக வந்தால் பாத்திரம் நல்லது என்று அர்த்தமில்லை. எண் இந்த அளவுக்குத் தவறாக வந்தால் மட்டும் அந்தப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து எடுத்துவிடலாம்.

மருமகளுக்கு நானே போன் செய்து சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, ஆனால் அப்படி விடுவது பாவம். அவள் கோபப்படவில்லை. எத்தனை தடவை அந்த ரசம் சாப்பிட்டாள் என்று இருவருமாக எண்ணினோம், மூன்று தடவை. அடுத்த பரிசோதனையில் டாக்டரிடம் சொல்லி, ரத்தத்தில் காரீயம் பார்க்க எழுதி வாங்கினாள். முடிவு வர இரண்டு வாரம். அந்த இரண்டு வாரம் நான் கோயிலுக்குப் போனேன், வந்தேன், எதுவும் ஓடவில்லை. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அவளுக்கு அதற்கு நன்றாகக் கீழே வந்தது. போனில் அவள் எண்ணைச் சொன்னதும் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

புளி எங்கே போகிறது?

அதற்குப் பிறகு அலமாரியில் இருந்த அத்தனையையும் கீழே இறக்கினேன். எந்தப் பாத்திரம் நல்லது, எது கெட்டது என்று இரண்டு குவியல் போடத்தான் உட்கார்ந்தேன். அப்படிப் பிரிக்க வரவில்லை. ஒரே பாத்திரம் ஒரு சமையலுக்கு நல்லதாகவும் இன்னொன்றுக்குக் கெட்டதாகவும் இருந்தது. கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: உள்ளே புளிப்பு போகிறதா, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்?

அலுமினியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் இயல்பாகவே மெல்லிய ஒரு ஆக்சைடு படலம் இருக்கும். சோறு, பால், மாவு அதை ஒன்றும் செய்யாது. புளியும் தக்காளியும் எலுமிச்சையும் அரிக்கும், சோடா உப்பும் அரிக்கும். அம்மா புளிக்குழம்பைக் குண்டானில் இரவு தங்கவிட மாட்டார். இறக்கியதும் மண்சட்டிக்கோ பீங்கான் மங்குக்கோ மாற்றிவிடுவார். "ஈயத்தில புளி நின்னா கறுத்துடும்" என்பார். உலோகத்தின் பெயர்தான் அவருக்குத் தவறு, செய்தது சரி. அலுமினியத்தால் மறதி நோய் வரும் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) வாராவாரம் ஒரு செய்தி வருகிறது. அது உறுதிப்படவில்லை. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களின் உடல், உணவோடு போகும் அலுமினியத்தில் பெரும்பகுதியை வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். எங்கள் தமானிலேயே (குடியிருப்பிலேயே) டயாலிசிஸ் போகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

என்னை உண்மையில் பயமுறுத்தும் அலுமினியம் வேறு. பழைய உலோகக் கழிவை உருக்கி வார்த்த, முத்திரை எதுவும் இல்லாத மலிவுப் பாத்திரங்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இறக்குமதியான சில அலுமினியம், பித்தளை, இண்டாலியம் பாத்திரங்களிலிருந்து உணவில் காரீயம் இறங்கலாம் என்று எச்சரித்தது. இண்டாலியம் என்ற பெயரைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் கல்யாணச் சீரில் அது இல்லாமல் இருந்ததா? அம்மாவின் குண்டானையும் அதனால்தான் அடுப்பிலிருந்து எடுத்தேன். எந்தக் காலத்தில் யார் வார்த்ததோ. இப்போது அதில் அரிசி மூட்டையைப் பிரித்துக் கொட்டி வைத்திருக்கிறேன்.

ரசம், புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு எல்லாம் எவர்சில்வருக்கு மாறின. அடியில் 304 என்றோ 18/8 என்றோ முத்திரை பார்த்து வாங்குகிறேன். குரோமியம் 18, நிக்கல் 8 விழுக்காடு என்று பொருள். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று கடைக்காரர் ஒருவர் சொன்னார். அதை நம்ப வேண்டாம். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய மலிவு எஃகிலும் காந்தம் ஒட்டாது. தண்ணீர் கொதித்த பிறகு உப்புப் போட்டால் அடியில் புள்ளி விழாது, அவ்வளவுதான் பராமரிப்பு. மீன் குழம்புக்கு மண்சட்டி. கோலகங்சார் பக்கத்துச் சாயோங்கில் சுடச்சுட உமியில் போட்டுக் கறுப்பாக்கும் லாபு சாயோங்கை எல்லாரும் தண்ணீர்க் கூஜாவாகத்தான் அறிவார்கள். அந்த ஊர்ப் பக்கம் போனபோது பளபளப்புப் பூச்சு இல்லாத குழம்புச் சட்டி ஒன்றும் வாங்கினேன். உள்ளே மினுக்கும் பூச்சு போட்ட சட்டி என்றால், என்ன பூச்சு என்று தெரியாமல் புளி ஊற்றுவதில்லை. பழைய மெருகுகளில் காரீயம் சேர்த்திருப்பார்கள்.

ஓவன் சாமான்களில் நான் எதிர்பார்த்த அளவுக்கு மாற்றம் வரவில்லை. பிஸ்கட் மாவில் வெண்ணெயும் சர்க்கரையும் மைதாவும்தான். புளிப்பு இல்லை, இருபது நிமிடம்தான் சூடு. அலுமினியத் தட்டில் பேக்கிங் தாள் போட்டுச் சுட்டால் போதும். ஆனால் அன்னாசி தார்ட்டுக்கு உள்ளே வைக்கும் ஜாமை வருடா வருடம் அலுமினியக் குவாலியில் (வாணலியில்) மூன்று மணி நேரம் கிண்டியிருக்கிறேன். அன்னாசிப் புளிப்பு, விடாத சூடு, மூன்று மணி நேரம். மூன்று கேள்விக்கும் ஒரே இடத்தில் தவறான பதில். கடைசியில் ஜாம் லேசாகச் சாம்பல் நிறம் காட்டும். பழம் அப்படி என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அடி கனமான எவர்சில்வர் சட்டியில் கிண்டுகிறேன். கை வலி கூடியது, அடிப்பிடிக்காமல் பார்க்க வேண்டும். ஜாமின் நிறம் பொன்னாக நிற்கிறது. பஹுலு என்ற முட்டை கேக் சுடும் பித்தளை அச்சில் பச்சைக் களிம்பு இல்லாமல் தேய்த்து வைத்தால் போதும், அதில் போவது முட்டையும் மாவும். முறுக்கு அச்சைப் பற்றி மட்டும் கொஞ்சம் யோசித்தேன். கடைசல் எளிதாக வரப் பித்தளையில் காரீயம் சிறிது சேர்ப்பதுண்டு. மாவு அதில் தங்குவது சில நிமிடம்தான். ஆனாலும் எவர்சில்வர் அச்சு கிடைக்கும்போது எதற்கு என்று மாற்றிவிட்டேன்.

ஒட்டாத சட்டியை மருமகள் ஏற்கெனவே குப்பையில் போட்டிருந்தாள். அவள் பயத்தில் நியாயம் உண்டு. அந்தப் பூச்சைத் தயாரிக்கப் பல ஆண்டுகள் பயன்படுத்திய பிஎஃப்ஓஏ என்ற ரசாயனத்தை 2019-இல் நச்சு ரசாயனங்களைத் தடுக்கும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் சேர்த்தார்கள், 2023-இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தினார்கள். இப்போது பெரும்பாலும் அது இல்லாமல்தான் பூச்சு செய்கிறார்கள். சட்டியை வெறுமனே பெருந்தீயில் காயவிட்டால் 260 பாகைக்கு மேல் பூச்சு கெட ஆரம்பிக்கும். இன்னும் ஏறினால் வரும் புகையில் கூண்டுக் கிளி செத்துப்போகும். முட்டையைச் சின்னத் தீயில் பொரிப்பதற்கு நான் இன்னும் ஒன்று வைத்திருக்கிறேன், கீறல் விழுந்ததும் தூக்கிவிடுவேன். தோசைக்கு இரும்புக் கல்தான். என் மனதில் நிற்பது என்னவென்றால், அவள் ஒட்டாத சட்டிக்குப் பயந்து, அதே நேரத்தில் என் வீட்டில் காரீயச் செம்பு ரசத்தை நம்பிச் சாப்பிட்டாள். புதியதைச் சந்தேகப்படும் நாம் பழையதையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும்.

செம்பைப் பழைய சாமான்காரரிடம் போடவில்லை. போட்டால் துடைத்து இன்னொரு கடைக்குப் போகும், இன்னொரு வீட்டு அடுப்பில் ஏறும். சுத்தியால் வாயைத் தட்டி மூடி, 'காரீயம்' என்று மார்க்கரில் எழுதி, ஸ்டோரில் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். ரசாயனக் கழிவு எடுக்கிற இடம் விசாரித்துக் கொடுக்க வேண்டும்.

போன வாரம் மருமகள் போன் செய்தாள். பிள்ளைக்கு மருந்து புகட்டப் பாலாடை ஒன்று வேண்டுமாம். அவள் அம்மா வீட்டில் பழையது ஒன்று இருக்கிறதாம், வெள்ளி என்கிறார்களாம். "அத்தை, உங்க தராசில போட்டுப் பார்க்கலாமா?" என்றாள். பாலாடை இருபது முப்பது கிராம்தான் இருக்கும். தண்ணீரில் இரண்டு மூன்று கிராம்தான் காட்டும். என் தராசு அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது என்றேன். "அப்ப எவர்சில்வர்லயே வாங்கிடுங்க அத்தை, அடியில நம்பர் இருக்கிறதா பார்த்து" என்றாள். நாளைக் காலையில் பசியாறிவிட்டு ஈப்போவுக்குக் கிளம்ப வேண்டும்.